கோடை, இரண்டு நாவல்கள், அபூர்வமாகக் கிடைத்த ஒரு நாள்

படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கும் வீட்டில், கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் வாசலைத் தாண்டுவது எவ்வளவு அரிது என்பது அப்படி வாழ்பவர்களுக்குத்தான் தெரியும். என் அத்தைக்கு, அதாவது கணவரின் அம்மாவுக்கு, பக்கவாதம் வந்த பிறகு எங்கள் வீட்டில் எல்லாமே முறை வைத்துத்தான் நடக்கிறது. அவர் கல்யாணத்துக்குப் போனால் நான் வீட்டில் இருப்பேன். நான் துக்கம் விசாரிக்கப் போனால் அவர் இருப்பார். இருவருக்கும் பொதுவாக மிஞ்சியது படிப்பு ஒன்றுதான். அத்தை தூங்கிய பிறகு ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்து நாவல் படிப்போம். அதுவும் எப்போது கூப்பிடுவார் என்று ஒரு காதை அறைப்பக்கம் வைத்துக்கொண்டுதான்.

போன கோடை விடுமுறையில் நாத்தனார் வந்திருந்தபோது, "அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன், அண்ணி. ஒரு நாள் முழுக்க இரண்டு பேரும் எங்கேயாவது போய்விட்டு வாருங்கள்" என்றாள். எங்கே போவது என்று நாங்கள் அதிகம் யோசிக்கவே இல்லை. யாரும் கூப்பிடாத ஓர் இடத்தில் உட்கார்ந்து, காலை முதல் சாயங்காலம் வரை நாவல் படிக்க வேண்டும், அவ்வளவுதான். இதைச் சொன்னபோது சொந்தக்காரர்கள் விசித்திரமாகப் பார்த்தார்கள். படிப்பதற்கா வெளியே போவார்கள் என்று கேட்டார்கள். எனக்கு அதில் விசித்திரம் எதுவும் தெரியவில்லை. பயணத்துக்கும் நாவலுக்கும் உள்ள உறவு பழையது. 1848இலேயே லண்டனின் யூஸ்டன் ரயில் நிலையத்தில் டபிள்யூ.எச். ஸ்மித் நிறுவனம் புத்தகக் கடை திறந்துவிட்டது. ஊரை விட்டுக் கிளம்பும் மனிதருக்குக் கையில் ஒரு கதை வேண்டும் என்பதை அன்றே புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

அந்த நாள் எப்படி முடிந்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வெயிலைப் பற்றியும், வீட்டில் தினமும் விழுங்கும் ஒரு மாத்திரையைப் பற்றியும் யாராவது முன்கூட்டி எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், பல நாட்களும் கணிசமான பணமும் மிஞ்சியிருக்கும். அந்தப் பயம் என் மனதில் இன்று வரை தங்கியிருக்காது.

ஏரிக்கரையில் ஒரு விடுதியில், பகல் மட்டும் தங்குவதற்கென்று ஓர் அறையை இணையத்தில் பதிவுசெய்தோம். முழுப் பணத்தையும் முன்பே கட்டச் சொன்னார்கள், கட்டினோம். குளிர்சாதன வசதி, ஏரியைப் பார்த்த ஜன்னல், காலை முதல் மாலை வரை உங்களுடையது என்று போட்டிருந்தது. காலையில் போய் நின்றபோது வரவேற்பில் இருந்த பையன், "அறை மதியம் இரண்டு மணிக்குத்தான் கிடைக்கும். அதுவரை தோட்டத்தில் உட்காரலாம்" என்றான். பதிவுச் சீட்டைக் காட்டினால், அதன் அடியில் பொடி எழுத்தில் இருந்த நிபந்தனையைக் காட்டினான். அபூர்வமாகக் கிடைத்த நாள் என்பதால் சண்டை போட மனம் வரவில்லை. உங்களுக்கும் இப்படி ஒரு நாள் கிடைத்தால், பணம் கட்டும் முன் ஒரு முறை தொலைபேசியில் பேசி, எத்தனை மணிக்குச் சாவி கையில் கிடைக்கும் என்று கேளுங்கள். சொன்ன பதிலைக் குறுஞ்செய்தியாகவும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். வீட்டில் நோயாளியை வைத்திருப்பவர்களின் திட்டம் கடைசி நிமிடத்தில் கவிழ்வது சகஜம். கொஞ்சம் கூடுதலாகக் கேட்டாலும், ரத்து செய்தால் பணம் திரும்பும் அறையைத்தான் நம்மைப் போன்றவர்கள் எடுக்க வேண்டும்.

தோட்டத்தில் ஒரு பெரிய மரத்தடியில் இரண்டு நாற்காலிகளைப் போட்டுக்கொண்டோம். அந்த முதல் இரண்டு மணி நேரத்தை நான் எதற்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அவர் மூன்று தலைமுறைக் குடும்பக் கதை ஒன்றை எடுத்து வந்திருந்தார், நான் ஒரு துப்பறியும் நாவல். பேச்சே இல்லை. எப்போதாவது அவர் சிரிப்பார், நான் நிமிர்ந்து பார்ப்பேன், அந்த வரியைப் படித்துக் காட்டுவார், மறுபடி அவரவர் பக்கத்துக்குத் திரும்பிவிடுவோம். காதை எந்த அறைப்பக்கமும் வைக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு அத்தியாயத்தை இடையில் எழுந்துபோகாமல் தொடங்கி முடிப்பது எவ்வளவு பெரிய சுகம் என்பதையே நான் மறந்துபோயிருந்தேன். முடித்ததும் அடுத்ததைத் தொடங்கினேன். கொண்டுபோன தண்ணீர் பாட்டில்கள் பைக்குள்ளேயே கிடந்தன. ஆழ்ந்து படிக்கும்போது தாகம் தெரியாது, பசி தெரியாது. நிழல் நகர்ந்து வெயில் காலில் விழுந்தாலும் காலை மட்டும் இழுத்துக்கொள்வோமே தவிர, எழுந்து நகர மாட்டோம்.

நிழலில்தானே இருக்கிறோம் என்ற நினைப்பு எங்களுக்குத் தைரியம் கொடுத்தது. வானிலை அறிக்கையில் சொல்லும் வெப்பநிலையே நிழலில், காற்றோட்டமான பெட்டிக்குள் வைத்த வெப்பமானியில் அளந்ததுதான் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அதாவது 38 டிகிரி என்று அறிவித்தால், நல்ல நிழலிலேயே 38 டிகிரி. வெயிலில் உட்கார்ந்தால் உடம்பு தாங்க வேண்டிய சூடு அதைவிட அதிகம். ஏரிக்கரையில் குளுமையாக இருக்கும் என்று நினைப்பதும் அப்படியே. காற்று அசையாத, புழுக்கமான நாளில் வியர்வை வழியுமே தவிர ஆவியாகாது. ஆவியானால்தான் உடம்பு குளிரும்.

பன்னிரண்டு மணி தாண்டியதும் அவர் தலை வலிக்கிறது என்றார். பையிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். கொஞ்சம் குமட்டுகிறது என்றார். பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், "இந்தக் கமலா யாருடைய மகள்?" என்று கேட்டார். காலையில் அவர்தான் எனக்குக் கமலாவைப் பற்றிச் சொல்லியிருந்தார், மூத்த அண்ணனின் மகள். அதையே அவருக்குச் சொன்னேன். தலையாட்டினார். இரண்டு பக்கம் முன்னால் புரட்டினார், ஒரு பக்கம் பின்னால் புரட்டினார், விரலை ஒரு வரியின்மேல் வைத்துக்கொண்டு அங்கேயே இருந்தார். பிறகு அதே குரலில், முதல் முறை கேட்பவர்போல, "இந்தக் கமலா யாருடைய மகள்?" என்றார்.

அந்த இரண்டாவது கேள்வியில் எனக்கு உடம்பு சில்லிட்டது. கதாபாத்திரங்களின் பெயரை எனக்கு நினைவுபடுத்துவதே அவர்தான். நெற்றியைத் தொட்டேன், கொதித்தது. கைகளில் வியர்வை பிசுபிசுத்தது. "எழுந்திருங்கள், உள்ளே போகலாம்" என்றால், "இந்த அத்தியாயம் முடியட்டும்" என்கிறார், ஆனால் கண் புத்தகத்தில் இல்லை. சுற்றிலும் ஒருவர்கூட இல்லை. நாற்காலியில் வைத்திருந்த என் தொலைபேசியின் மேல் வெயில் விழுந்திருந்தது. சூடு தணிந்தால்தான் இயங்கும் என்று திரையில் ஓர் அறிவிப்பு மட்டும். பெரும்பாலான தொலைபேசிகளைச் சுமார் 35 டிகிரி வரையில்தான் பயன்படுத்தச் சொல்கிறார்கள். வெயிலில் கிடந்தால் தன்னைக் காத்துக்கொள்ள அவை அணைந்துவிடும். அவருடைய தொலைபேசியின் கடவுச்சொல் எனக்குத் தெரியாது. கைரேகையால் திறக்கும் என்பதுகூட அந்த நேரத்தில் தோன்றவில்லை. அவரைத் தனியாக விட்டுவிட்டு ஓடவும் பயம், ஓடாமல் இருக்கவும் பயம். கத்தினேன். வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாக நான் கத்தியதே இல்லை. தோட்டக்காரர் ஓடிவந்தார். இருவருமாக அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய், மின்விசிறி ஓடிக்கொண்டிருந்த வரவேற்பறையில் படுக்கவைத்தோம்.

என் துப்பட்டாவை நனைத்துக் கழுத்திலும் மார்பிலும் போட்டேன். தோட்டக்காரர் தண்ணீரை உடம்பெல்லாம் தெளித்தபடி அட்டையால் விசிறினார். படித்தவர், படிக்காதவர் என்று ஒன்றுமில்லை, அந்த மனிதருக்குச் செய்ய வேண்டியது தெரிந்திருந்தது. யாரோ ஒரு சொம்பு தண்ணீரை வாயில் ஊற்ற வந்தபோது அவர்தான் தடுத்தார். நினைவு தடுமாறும் ஒருவருக்கு வாயில் எதையும் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். விடுதியின் வண்டியிலேயே மருத்துவமனைக்குப் போனோம்.

அங்கே பார்த்தபோது உடல் வெப்பம் 39ஐத் தாண்டியிருந்தது. இரத்தப் பரிசோதனையில், 135க்குக் குறையக்கூடாத சோடியம், அதாவது உடம்பின் உப்புச் சத்து, 120களில் இருந்தது. மருத்துவர் முதலில் கேட்ட கேள்வி, "என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்?" என்பதுதான். இரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை என்று தெரியும். பெயர் தெரியாது. நாத்தனாரைத் தொலைபேசியில் அழைத்து, அலமாரியில் அட்டையைத் தேடி எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்வதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த மாத்திரையில் அழுத்த மருந்தோடு ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற, சிறுநீரைப் பெருக்கும் மருந்தும் கலந்திருந்தது. அது உப்பையும் நீரையும் உடம்பிலிருந்து வெளியேற்றும். காலை முழுக்க வியர்வையிலும் உப்பு போயிருக்கிறது. அதற்குமேல் வெறும் தண்ணீரை மொத்தமாகக் குடித்ததும் மிச்சமிருந்த உப்பு இன்னும் நீர்த்துப்போய்விட்டது என்று மருத்துவர் விளக்கினார். தடுமாற்றத்துக்கு வெயிலும் காரணம், சோடியம் குறைந்ததும் காரணம். ஏறிவிட்ட உடல் சூட்டை உடனே தணித்துவிட்டார்கள். சோடியத்தை அப்படி ஏற்ற முடியாது. வேகமாக ஏற்றினால் மூளைக்கே ஆபத்து என்பதால் மெதுவாகத்தான் சரிசெய்வார்களாம். ஒரு பகலுக்கு என்று கிளம்பிய நாங்கள் பல நாட்கள் அங்கேயே இருந்தோம்.

அந்த மாத்திரையை வருடக்கணக்காகச் சாப்பிடுகிறார். கோடையில் கவனமாக இருக்க வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை. மருந்தை எழுதிக் கொடுத்தவர் சொல்லவில்லை, விற்ற கடையிலும் சொல்லவில்லை. இதை நினைத்தால் இன்னும் எனக்குக் கோபம் வருகிறது. சிறுநீர் பெருக்கிகள், இரத்த அழுத்தத்துக்கான வேறு சில மருந்துகள், ஒவ்வாமைக்கான சில மாத்திரைகள், மனநலத்துக்கான சில மருந்துகள் ஆகியவை வெயிலைத் தாங்கும் சக்தியைக் குறைக்கக்கூடியவை. வயது ஏற ஏறத் தாக உணர்வும் மங்கும். உங்கள் வீட்டில் இப்படி ஏதாவது மாத்திரை சாப்பிடுபவர் இருந்தால், கோடை தொடங்கும் முன்பே மருத்துவரிடம், "வெயில் காலத்தில் அளவை மாற்ற வேண்டுமா? எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம்? உப்பு சேர்க்கலாமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், அது வேறு ஆபத்து. வியர்த்துப்போனவருக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொடுக்கலாம் என்பது பொதுவான கணக்கு. ஆனால் இரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகம், சர்க்கரை என்று ஏதாவது தொந்தரவு உள்ளவருக்கு அதையும் கேட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

தலைவலி, குமட்டல், மயக்கம், தசைப்பிடிப்பு, பிசுபிசுவென்று வியர்வை என்றால் வெயிலால் உடம்பு தளர்ந்துவிட்டது என்று பொருள். உடனே குளிர்ச்சியான இடத்துக்குக் கொண்டுபோய், துணியைத் தளர்த்தி, உடம்பை நனைத்து விசிறினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அரை மணி நேரத்தில் தெளியவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். பேச்சு குழறுவது, கேட்டதையே திரும்பக் கேட்பது, வலிப்பு, நினைவிழப்பு ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் அது உயிருக்கே ஆபத்தான வெப்பத் தாக்காக இருக்கலாம், அரை மணி நேரம்கூடப் பார்க்கக் கூடாது. வியர்க்கிறதே, அதனால் வெப்பத் தாக்கு இல்லை என்று ஆறுதல் சொல்பவர்களை நம்பாதீர்கள், வியர்வை இருக்கும்போதும் அது வரும். காய்ச்சல் மாத்திரை இதற்குப் பயன்படாது.

மருத்துவமனையின் முதல் இரவில் என்னிடம் இருந்தவை கைப்பையும் இரண்டு நாவல்களும்தான். அவர் தூங்கும்போது படிக்கலாம் என்று திறந்தேன். ஒரு வரி ஓடவில்லை. எழுத்து தெரிந்தது, பொருள் ஏறவில்லை. எத்தனையோ இரவுகள் அத்தையின் அறைக்கு வெளியே உட்கார்ந்து படித்திருக்கிறேன், அப்போதெல்லாம் எதிர் நாற்காலியில் அவர் இருந்தார். அவரையே காவல் காக்க வேண்டி வந்தபோது அந்த வித்தை எனக்கு வரவில்லை. இரண்டாம் நாள் மாலை அவர் கண் விழித்து, "புத்தகம் எங்கே?" என்று கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

விடுதிக்காரர்கள் பணத்தைத் திருப்பித் தரவில்லை. அறை தயாராக இருந்தது, நீங்கள்தான் வரவில்லை என்றார்கள். கடிதம் எழுதினேன், தொலைபேசியில் மாறி மாறிப் பேசினேன், ஒன்றும் நடக்கவில்லை. மருத்துவச் செலவுக்கு, அத்தைக்காக எடுத்து வைத்திருந்த பணத்தைத் தொட வேண்டியிருந்தது. நாத்தனார் ஒரு நாளுக்கு என்று ஒப்புக்கொண்டவள், விடுப்பை நீட்டிக்க வேண்டியதாயிற்று. அவள் முகம் சுளிக்கவில்லை. ஆனாலும் யாரிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினாலும், நாம் திரும்ப முடியாமல் போனால் மறுநாள் யார் வருவார் என்பதையும் பேசி வைத்துவிட வேண்டும். அத்தையின் மாத்திரை நேரம், எந்தப் பக்கம் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், எதற்குப் பயப்படுவார் என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி நாத்தனாரிடம் கொடுத்திருந்தேன். அந்தத் தாள்தான் அத்தனை நாளும் வீட்டை ஓட்டியது.

எங்கள் காரில் விட்டிருந்த இன்னொரு பையில், நாத்தனாருக்குப் பரிசாக வாங்கிய நாவல் ஒன்று இருந்தது. நிறுத்திய காருக்குள் பத்து நிமிடத்திலேயே ஏறக்குறைய 10 டிகிரி கூடிவிடும். அந்தப் புத்தகமோ நாள் கணக்கில் கிடந்தது. முதுகில் போட்டிருந்த பசை இளகி, பிரித்தவுடன் தாள்கள் கொத்தாகக் கையோடு வந்தன. மெல்லட்டைப் புத்தகங்களைப் பெரும்பாலும் சூட்டில் உருக்கிய பசையால்தான் ஒட்டுகிறார்கள். காருக்குள் புத்தகத்தை விடாதீர்கள். மின்நூல் கருவியையும் விடாதீர்கள், அதன் மின்கலத்துக்குச் சூடு ஆகாது.

இதெல்லாம் நடந்த பிறகு இனி எங்கும் போக வேண்டாம் என்றுதான் நான் இருந்தேன். அவர் கேட்கவில்லை. "அந்த இரண்டு மணி நேரம் நன்றாகத்தானே இருந்தது?" என்றார். அது உண்மை. இந்தக் கோடையில் மறுபடி போனோம். விடியும்போதே கிளம்பி, பத்தரைக்குள் திறந்தவெளிப் படிப்பை முடித்துக்கொண்டு, பகல் முழுக்க ஒரு நூலகத்தின் வாசிப்பு அறையில் இருந்தோம். அறை வாடகை இல்லை, சாவிக்காகக் காத்திருக்கவும் இல்லை. வீட்டிலிருந்து அழைப்பு வருவதற்கு ஒரு நேரம் குறித்துக்கொண்டோம், அதைத் தவிர மணி அடித்தால் அவசரம் என்று பொருள். இரண்டு அத்தியாயத்துக்கு ஒரு முறை தண்ணீர் என்று பேசி வைத்துக்கொண்டு, அந்தப் பக்கங்களில் முன்பே சீட்டு செருகி வைத்திருந்தேன். பக்கம் குறிக்கும் அட்டையின் பின்புறம், இருவருடைய மாத்திரைகளின் பெயரும் அளவும், அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண்களும் எழுதியிருக்கின்றன. தொலைபேசி அணைந்தாலும் அட்டை கையில் இருக்கும். நாவல் படிக்கும் எல்லோருக்கும் இதைச் சிபாரிசு செய்கிறேன்.

நாவலைத் தேர்ந்தெடுப்பதிலும் கொஞ்சம் பாடம் கற்றோம். அபூர்வமான நாளன்று புதிய நாவலைத் தொடங்காதீர்கள். பெயர்களும் உறவுகளும் மனதில் உட்காரவே முதல் நாற்பது, ஐம்பது பக்கங்கள் போய்விடும். அதை வீட்டிலேயே சில இரவுகளில் முடித்துவிட்டு, கதை ஓடத் தொடங்கும் இடத்தில் எடுத்துக்கொண்டு போனால், உட்கார்ந்த மறுகணம் உள்ளே போய்விடலாம். துப்பறியும் கதை எனக்கு உயிர். ஆனாலும் இருவராகப் போகும் நாளுக்கு அது வேண்டாம். பக்கத்திலிருப்பவரை நிமிர்ந்து பார்க்கவே விடாது. நிறைய மனிதர்கள் வந்துபோகும், அவ்வப்போது நிறுத்திப் பேச இடம் கொடுக்கும் கதைதான் நல்லது. இந்த முறை ஒரே நாவலின் இரண்டு பிரதிகளை வாங்கினோம். அவர் நிதானமாகப் படிப்பவர், நான் வேகம். அவர் எட்டிய பக்கம் வரையில்தான் பேசலாம் என்று முடிவு செய்துகொண்டோம். போகும் வழியில் ஓட்டாதவர் படித்துக் காட்டலாம் என்று பார்த்தோம், எனக்குத் தலை சுற்றியது. ஓடும் வண்டியில் கண் பார்ப்பதும் காதின் உட்பகுதி உணர்வதும் ஒத்துப்போகாததால் வருவது அது. திரும்பும்போது ஒலிநூலைப் போட்டுக்கொண்டோம்.

கதையில் வரும் மூத்த மருமகள் வீட்டைவிட்டுப் போனது சரியா தவறா என்று எங்களுக்குள் இன்னும் தீரவில்லை. அத்தையிடமும் கதையைச் சொன்னோம். பேச்சு சரியாக வராவிட்டாலும், போனது சரிதான் என்று கையை ஆட்டிக் காட்டினார்.